தொழிலே தெய்வம் என்பார் கூற்றும் அதன் மறுப்பும்

பொருளீட்டுதலே மக்கட் பிறவியின் பயன் என்று வெளிப்படக் கூறுவாரோடு நமக்கு வழக்கில்லை. அவர் கொள்கை அவர்க்கு. அக்கொள்கைக்கே திருநீறு பூசிச் சித்தாந்தத்தின் பெயரால் நடமாட விடுவாரோடுதான் நமக்கு வழக்குண்டு. அன்னார் இப்பொழுது நம் சைவ நன்மக்களிடையே பெருகி வருதலின், அவர் கூற்றினை எடுத்து ஆராய்தல் இன்றியமையாததாயிற்று.

2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இன்போசிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தாருள் ஒருவராகிய திரு. நாராயண மூர்த்தி அவர்கள், நம் நாட்டிளைஞர் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தல் வேண்டும் என்றனர். 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில், லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத் தலைவர் திரு. எஸ். என். சுப்பிரமணியன் அவர்கள், 90 மணி நேரம் என்றும், ஞாயிற்றுக்கிழமையிலும் பணியாளரை வருவிக்க இயலாமை தமக்கு வருத்தமே என்றும், வீட்டிலிருந்து மனைவியின் முகத்தை எத்துணை நேரந்தான் நோக்கியிருப்பது என்றும் பேசிய பேச்சு வெளிவந்தது. நாட்டார் பலர் இதனை நகையாடி விடுத்தனர். யாமோ நகையாட மாட்டாதேமாயினேம். என்னை? சைவ அன்பர் சிலர் கூடியிருந்ததோர் அவையில், பெரியவர் ஒருவர் இக்கூற்றினை வியந்து, “இதனையன்றோ நம் சாத்திரமும் இறைபணி என்றது!” என உரைப்ப, அவையோர் பலர் தலையசைத்ததனை யாமே கண்டேம். அத்தலையசைப்பே இக்கட்டுரை எழுதப் புகுந்தமைக்குக் காரணமாம்.

அன்னார் கூறுவன நான்காக அடங்கும். நாயன்மார் பலர் தத்தம் தொழிலினாலேயே வீடுபெற்றனர்; ஆகலின் அலுவலில் மூழ்கியிருத்தலும் சிவத்தொண்டே என்பது ஒன்று. மனைவி மக்கள் பாசமாகலின் அவரை அகன்றிருத்தல் பாசநீக்கத்துக்குத் துணையாம் என்பது மற்றொன்று. மிக்க உழைப்பின்றி நாடும் குடும்பமும் உயரா; குடும்பத்தின் பொருட்டே குடும்பத்தைப் பிரிந்திருக்கின்றேம் என்பது மூன்றாவது. இளமையெல்லாம் உழைத்து, ஓய்வு பெற்றபின் இல்லத்தையும் இறைவனையும் நாடிக்கொள்ளலாம் என்பது நான்காவது. இவற்றை முறையே ஆராய்வாம்.

தொழிலினால் வீடுபெற்றார் என்று அவர் எடுத்துக்காட்டும் அடியார் யாவர்? அதிபத்தர் மீன்பிடித்தார்; நேசர் ஆடை நெய்தார்; திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தார்; திருநீலகண்டர் மட்கலம் வனைந்தார். உண்மை. ஆயின் அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் எதற்காக எழுதினார் என்பதனை உற்றுநோக்குக. அதிபத்தர் எத்துணை மீன் பிடித்தார் என்பதன்று அங்குப் பொருள். பிடித்தவற்றுள் ஒன்றினைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டார் என்பதும், நாடோறும் ஒரு மீனே அகப்பட்டு வறுமை நலிந்த காலத்தும் அவ்வொன்றினையே விட்டார் என்பதுமே பொருள். நேசர் நெய்த ஆடையின் தொகை கூறப்படவில்லை. அவ்வாடையும் கீளும் கோவணமும் அடியார்க்கு அளிக்கப்பட்டமையே கூறப்பட்டது. அடியார் தொழிலிலெல்லாம் கைவிடும் இடம் ஒன்றுண்டு. வலையிலகப்பட்டதை விடுதல், நெய்ததைக் கொடுத்தல், வனைந்ததை ஈதல் என்னும் அவ்விடத்திலேதான் தொண்டு பிறந்தது. கைவிடும் இடமே இல்லாது, இன்னும் இன்னும் என்று நீளும் அலுவலுக்கு அவர் பெயரை அரணாக்குதல் அவர்க்குச் செய்யும் இழுக்காம். வீரசைவர் காயகம் என்று உழைப்பினைப் போற்றினாராயினும், அதனோடு தாசோகம் என்னும் ஈகையினையும் இணைத்தே வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, இறைபணி நிற்றல் என்னுஞ் சொல்லினை அவர் கையாளும் முறை பெரிதும் வியப்பிற்குரியது. சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் உயிர் இறைவனோடு ஒன்றாகித் தன்செயலற்று அவன் பணியில் நிற்கும்வழி மலங்கள் வலியறும் என்றுணர்த்தும். தன்செயலறுதல் அதன் உயிர்நிலை. அலுவலில் மூழ்கினார் மாட்டுத் தன்செயல் அறுகின்றதா, பெருகுகின்றதா? “என்னால் இப்பிரிவு நடக்கின்றது, யான் ஒருநாள் வாரேனாயின் யாவும் நின்றுபோம், எனக்கு அடுத்த பதவி வரவேண்டும்” என்னும் எண்ணங்கள் இறைபணியில் நிற்றலா, ஆணவத்தின் பணியில் நிற்றலா? ஒருவர் ஓய்வு பெற்ற மறுநாள் அவர் இருந்த நாற்காலியில் வேறொருவர் அமர்வர். நின்றுபோம் என்றது யாதும் நின்றிலது. இதனைக் கண்டபின்னும் அதனை இறைபணி என்பது சொல்லின் மயக்கமேயன்றிப் பொருளுண்மையன்று.

அற்றேல், மனைவி மக்கள் பாசமல்லரோ எனின்: அல்லர். நம் சித்தாந்தத்திற் பாசமென்பன ஆணவம், கன்மம், மாயை என்பனவே. மாயையினின்றும் தோன்றிய தனு, கரண, புவன, போகங்கள் உயிருக்கு இருளில் ஏற்றிய விளக்குப்போல உதவுவன. இல்லமும் அவ்வுதவியுள் அடங்கும். கட்டுவது மனைவியன்று, மகனன்று. “யான் எனது” என்னும் செருக்கே கட்டுவது. அச்செருக்கு வீட்டில் தளர்வதற்கேனும் வழியுண்டு. நோயுற்ற குழந்தையை இரவெல்லாம் தோளிற் சுமந்து உலாவும் தந்தைக்கு அவ்விரவில் யான் என்பது எங்கேயிருக்கும்? அலுவலகத்திலோ அதற்குப் பெயர்ப்பலகை எழுதித் தொங்கவிடுகின்றனர். பாசத்துக்கு அஞ்சி வீட்டை விட்டு அலுவலகத்துட் புகுந்தார், நிழலுக்கு அஞ்சி இருட்டுட் புகுந்தாரை ஒப்பர்.

இன்னும் நோக்குக. இறைவனை அடையும் நெறி நான்கனையும் நம் முன்னோர் எப்பெயரால் வழங்கினர்? தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்றனர். முதன் மூன்றும் ஏவலாளும், மகனும், தோழனும் ஆகிய உறவுமுறைகளன்றோ? திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர், சுந்தரர் என்னும் மூவரும் அவற்றிற்கு இலக்கியமாக ஓதப்படுகின்றனர். தன் மகனுக்குத் தந்தையாயிருந்தறியாதவன், தன் தந்தைக்கு மகனாயிருக்க நேரம் பெறாதவன், நண்பன் மனைக்குச் சென்று பத்தாண்டாகியவன், இம்மார்க்கங்களின் பெயரையேனும் எவ்வாறு உணர்வான்? உறவின் சுவை அறியாதார்க்கு இவ்வுவமை வெறும் எழுத்தாய் நிற்கும்.

மனைவியின் முகத்தை எத்துணை நேரம் நோக்குவது என்னும் கேள்விக்குத் திருவாரூர் வீதி விடையளிக்கும். பரவையார் சுந்தரர்மாட்டுக் கொண்ட ஊடலைத் தீர்க்கத் தியாகேசப் பெருமான் ஒரே இரவில் இருமுறை தூது நடந்தான் என்று பெரியபுராணம் கூறும். ஐந்தொழிலும் ஆற்றுவோன் அவன். அவனினும் மிக்க அலுவலுடையார் உளரோ? ஒருவர் இல்லத்து அமைதி குலைந்ததென்று அவன் நள்ளிரவில் நடந்தான். அத்திருவாரூரிலே அவன் எவ்வுருவில் எழுந்தருளியுள்ளான்? சோமாற்கந்தனாக, உமையம்மை உடனிருப்ப, இளங்குமரன் இடையிருப்ப எழுந்தருளியுள்ளான். நாடோறும் இரவில் சிவாலயங்களிற் பள்ளியறைப் பூசை நிகழ்த்தி நடை சாத்துகின்றோம். ஆலயத்து அலுவலுக்கும் ஓர் எல்லையுண்டு என்பதனை நாடோறும் கண்டு, தொழுது, வீடுதிரும்பும் நாம், வீட்டில் மட்டும் நள்ளிரவு மட்டும் கைப்பேசியில் அலுவல் நடத்துகின்றோம்.

இங்கே ஒரு தடை நிகழும். “சிறுத்தொண்டர் தம் மகனையே அரிந்து அடியார்க்குக் கறியாக்கினாரன்றோ? தொண்டின்முன் குடும்பம் பொருளன்று என்பது அதனாற் பெறப்படுமன்றோ?” என்பர். பெறப்படாது. சிறுத்தொண்டர் முன்னர்ப் பல்லவ மன்னன் படைத்தலைவராய் வாதாபி வென்ற பரஞ்சோதியார். அவர் சிவனடியார் என்றறிந்த மன்னன் பணியினின்றும் விடுவிக்க, திருச்செங்காட்டங்குடிக்கு மீண்டு, திருவெண்காட்டு நங்கையாரோடு மனையறம் பூண்டு, சீராளனை வளர்த்து, நாடோறும் அடியார்க்கு அமுதளித்துப் பின் உண்டவர். அவர் அலுவலை விட்டு இல்லத்துக்கு வந்தவர். இல்லத்தை விட்டு அலுவலுக்குச் சென்றவரல்லர். அவர் ஈந்தது தமக்கு உயிரினும் இனியதனை. இனியதாகலினாலேதான் அது கொடையாயிற்று. மீண்டும் இறைவன் அம்மகனை அழைப்பித்து அளித்தான். மகன் எவ்வகுப்பிற் படிக்கின்றான் என்பதறியாதார் கொடுப்பதற்கு அவர்கையில் யாதுண்டு? தாம் ஒருநாளும் பெற்றுக்கொள்ளாத மகவினைத் தியாகஞ் செய்தேம் என்பார் கூற்று நகைப்பிற்கே இடனாம்.

மூன்றாவது கூற்றுக்கு வருவாம். இது கணக்குப் பற்றியதாகலின் கணக்கினாலே விடுப்பாம். வாரத்துக்கு 168 மணி. அதனுள் 90 அலுவலுக்குப் போக எஞ்சுவது 78. நாளொன்றுக்கு 7 மணி உறங்கின் 49 போய் 29 நிற்கும். குளித்தல், உண்டல், அலுவலகம் சென்று மீளல் இவற்றிற்கு நாளொன்றுக்கு 3 மணி கொள்ளின் 21 போய் 8 நிற்கும். ஒரு வாரம் முழுமைக்கும் 8 மணி. நாளொன்றுக்கு ஒரு மணியும் சில நிமிடங்களும். இதற்குள் சந்தியும், சிவபூசையும், தேவார பாராயணமும், பெற்றோர்க்குப் பணிவிடையும், மனைவியோடு உரையாடலும், மக்கட்குக் கல்வியும் அடங்கவேண்டும். இது வாழ்க்கையா, வாழ்க்கையின் எச்சமா? குடும்பத்தின் பொருட்டே குடும்பத்தைப் பிரிந்தேம் என்பார் இக்கணக்கினை ஒருமுறை தம் மனைவியர் முன்னிலையில் எழுதிப் பார்ப்பாராக.

நாட்டின் ஆக்கத்துக்கு இது வேண்டும் என்று கூறிய நாராயண மூர்த்தி அவர்கள், இரண்டாம் உலகப்போரின் பின் செருமனியும் சப்பானும் உழைத்த உழைப்பினை எடுத்துக் காட்டினர். நன்று, சப்பானையே சான்றாகக் கொள்வாம். மிகுபணியால் நேரும் சாவுக்குக் ‘கரோஷி’ என்று தனிப்பெயர் வழங்குவது அந்நாட்டிலேயாம். அதனைத் தடுத்தற்கென்றே 2014ஆம் ஆண்டில் அந்நாட்டார் ஒரு சட்டம் இயற்றினர். 2018இல் மிகைநேரப் பணிக்கு வரம்பு வகுத்து மற்றொரு சட்டமும் இயற்றினர். அவர் கைவிட முயலும் நோயினை நாம் மருந்தென்று வாங்குதல் அறிவுடைமையாகுமா?

உலக நலவாழ்வு அமைப்பும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பார்க்கு, 35 முதல் 40 மணி உழைப்பாரைக் காட்டிலும், மூளைக் குருதிக்குழாய்த் தாக்கு நேரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்றும், இந்நீண்ட பணியால் 2016ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்தனர் என்றும் கணித்துக் கூறிற்று. மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்றும், இவ்வுடம்பு இறைவன் உறையும் ஆலயம் என்றும் ஓதும் சைவன், இவ்வெண்ணைக் கேட்டும் வாளாவிருத்தல் தகுமோ?

பசியின் பொருட்டு இரவுபகலாக உழைக்கும் ஏழையரை யாம் ஈண்டுக் குறைகூறினேமல்லேம். அவர்க்காகவும் பேசுகின்றேம். 1919ஆம் ஆண்டில் வாசிங்டனிற் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்னும் அளவினைத் தொழிற்சாலைகட்கு வகுத்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் வாரத்துக்கு 48 மணி என்றே வரையறுத்தது. 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், 12 மணி வேலைநாளுக்கு இடந்தரும் திருத்த மசோதாவினைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, தொழிலாளர் எதிர்த்தனர். மே முதல்நாளிலே அது திரும்பப் பெறப்பட்டதென அரசு அறிவித்தது. அவ்வெதிர்ப்பில் நம் சைவ சபைகளின் குரல் எங்கேனும் கேட்டதாக யாம் அறியேம். திருவிழாவுக்குத் தொழிலாளர் வரவில்லை, இளைஞர் தேவாரம் ஓதவில்லை என்று வருந்துகின்றோம். அவர் மாலைப்பொழுதினை விலைக்கு வாங்குவாரை மட்டும் மேடையேற்றி மாலையிடுகின்றோம்.

நான்காவது கூற்று, ஓய்வின்பின் பார்த்துக்கொள்ளலாம் என்பது. இதனை மறுத்தற்கு யான் நூலினை மட்டும் நாடவேண்டுவதில்லை. என் வாழ்க்கையே போதும். இதனை எழுத நாணுகின்றேனாயினும், இளைஞர் ஒருவரேனும் திருந்துவரேல் அந்நாணம் பெரிதன்று.

யான் 36 ஆண்டுகள் ஓர் அலுவலகத்திற் கணக்குப் பிரிவில் இருந்தேன். அதன் பெயர் ஈண்டு வேண்டா. குற்றம் அதனதன்று, பெரும்பகுதி என்னதே. ஆண்டுக்கணக்கு முடிக்கும் பங்குனித் திங்களில் என் அன்னையார் நோயுற்றிருந்தார். நாளை வருவேன், நாளை வருவேன் என்று செய்தி விடுத்தேன். கணக்கு முடிந்தது, அன்னையாரும் முடிந்தார். அவ்வாண்டின் கணக்கில் ஒரு காசும் பிழையில்லை என்று மேலதிகாரி பாராட்டினார். ஓய்வு பெற்று வீடு வந்த முதல்நாள், பூசையறையிற் கற்பூரத்தட்டு எங்குளதென்று யான் அறிந்திலேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் மனையாள் தனியே நின்று தீபாராதனை காட்டிவந்தாள். என் பெயரன் அவளை நோக்கி, “தாத்தா இன்னும் எத்தனை நாள் இங்கே இருப்பார்?” என்று கேட்டான். விருந்தினரைப் பற்றிக் கேட்குங் கேள்வியாயிருந்தது அது.

இனி அமைதியாகச் சிவத்தியானஞ் செய்வேம் என்று கண்மூடி அமர்ந்தேன். ஐந்தெழுத்து வாயில் இருந்தது. நெஞ்சில் பேரேடு புரண்டது. ஆறு திங்கள் இவ்வாறே கழிந்தன. ஒருநாள் விடியலில் என் மனையாள் முழங்கால் நோவினால் எழமாட்டாது, பூக்குடலையை என் கையிற் கொடுத்து, “இன்று நீங்கள் பறித்து வாருங்கள்” என்றாள். நந்தியாவட்டையும் அலரியும் பறித்துவந்து வைத்தேன். அவள் தொடுக்க யான் எடுத்துக் கொடுத்தேன். அன்று பூசையில் நெஞ்சு சிறிது நின்றது. பெயரனும் மறுநாள் உடன் வந்தான். அதன்பின் நாடோறும் அதுவே என் பணி. அமைதி என்பது ஓய்வூதியத்தோடு வருவதொன்றன்று என்றும், உடனிருப்பாரோடு ஒரு சிறு தொண்டினைப் பகிர்ந்தவிடத்தே அது தோன்றுமென்றும் அன்றறிந்தேன். ஆயினும் இழந்தது மீளவில்லை. அன்னையார்க்கு யான் கொடாத நீர் கொடாததே.

திருநாவுக்கரசு நாயனார் வரலாறு எனக்கு அதன்பின்னரே விளங்கிற்று. தருமசேனர் என்னும் பெயரோடு பாடலிபுத்திரத்தில் தலைமை பெற்று, கல்வியும் வாதத்திறமும் மிக்கு விளங்கினார் அவர். அவர்பொருட்டே உயிர் தாங்கியிருந்த தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் அலகிட்டு மெழுகித் தனித்திருந்தார். சூலை பற்றியவழித் தலைமையும் வாதமும் துணையாயிலாமையின், இரவோடிரவாகத் தமக்கையார் திருமடத்தை நாடிவந்து அவரடி வீழ்ந்தார். அவர் ஐந்தெழுத்தோதித் திருநீறளித்து, திருப்பள்ளியெழுச்சிக் காலத்து அலகும் தோண்டியும் கொண்டு வீரட்டானம் செல்லும்போது தம்பியாரையும் உடன்கொண்டு சென்றார். உறவுக்கு மீண்ட வாயிலும் இறைவனுக்கு மீண்ட வாயிலும் அவர்க்கு ஒன்றேயாயிற்று. தில்லைத் திருநீலகண்டரும் மனைவியாரும் ஒரே மனையில் தீண்டாது முதுமை எய்தியபின், கையிற் பற்றிய மூங்கில் தண்டோடு குளத்துள் மூழ்கி இளமையோடு எழுந்தனர். அது திருவருள். நமக்கு முதுமை முதுமையாகவே நிற்கும். கோலின் ஒருமுனையைப் பற்ற மற்றவர் இருக்கும்போதே பற்றுதல் வேண்டும். பின்னர்ப் பற்றுவேம் என்பார், அக்காலத்து மறுமுனையில் யார் நிற்பர் என்பதனை எண்ணுவாராக.

ஆகலின், தொழிலே தெய்வம் என்பது போலியுரை. தொழில் தெய்வத்துக்கும் மக்கட்கும் உரிய தொண்டின் கருவி. கருவியை வணங்கிக் கருத்தனை மறத்தல் சைவமன்று. அன்பர்காள்! நாடோறும் ஒரு சந்தியேனும் மனைவி மக்களோடு ஒருங்கிருந்து திருநீறணிந்து ஒரு பதிகம் ஓதுங்கள். பிரதோட நாளில் அலுவலை உரிய பொழுதில் நிறுத்தித் தனியே செல்லாது குடும்பத்தோடு திருக்கோயில் செல்லுங்கள். முதலாளிகளாகிய சைவச் செல்வர்காள்! கோபுரத்துக்குப் பொன் பூசுமுன், உம்மிடம் பணிபுரிவாரின் மாலைப்பொழுதினையும் வாரவிடுமுறையினையும் அவர்க்கே விட்டுவிடுங்கள். அதிபத்தர் கடலில் விட்ட மீன் அதுவேயாம். அன்னை பிணியுற்ற செய்தி வந்தும் ஏட்டின்முன் குனிந்திருக்கும் இளைஞ! ஏட்டினை மூடுக, இன்றே புறப்படுக. அக்கணக்கினை நாளை வேறொருவர் முடிப்பர்.

திருச்சிற்றம்பலம்.